ஆறு நாட்டு பீர்

பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று புதுச்சேரி சாரம் பகுதியில் வீடு கட்டிக்கொண்ட அர்மான், ஞாயிறு மதியம் தவறாமல் ஒரு பீர் திறப்பார். பாரிஸிலிருந்து லீவில் வந்த மகன் ஆறு நாட்டு பீரைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அவர் ருசித்துச் சொல்லச் சொல்ல, மருமகள் அமாந்தின் கம்ப்யூட்டரில் தட்டி இணையத்தில் ஏற்றுவாள்.

“ஜெர்மனிக்காரன் கசப்பு நாக்குலயே நிக்குதும்மா. எட்டு மார்க் போடு.”

“பெல்ஜியத்துக்கு, மாமா?”

“ஒம்பது. ரெண்டு மடக்குலயே கிர்ருன்னு ஏறுது பாரு!”

ஆறாவது பாட்டிலும் முடிந்த வாரம், பாரிஸ் பத்திரிகை ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. அர்மான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மருமகளுக்குக் கேட்கும்படி பெருமையாகப் படித்தார்.

“போதையில்லாத பீர்களைப் பற்றி உங்களைப் போல ரசித்து எழுதியவர் யாருமில்லை. எங்கள் போட்டிக்கு நடுவராக வர வேண்டும். விமான டிக்கெட் அனுப்புகிறோம்.”

அவர் நிமிர்ந்தார். “போதையில்லாததா?”

அமாந்தினுக்குக் கண் கலங்கிவிட்டது. “உங்க ஆபரேஷனுக்கு அப்புறம் நீங்க குடிக்கவே கூடாதுன்னு எங்ககிட்ட சொல்லிட்டாரு டாக்டரு. நாங்கதான் லேபிள்ல அந்த வரியைச் சுரண்டிட்டோம் மாமா. நெட்டுல மட்டும் பொய் எழுத மனசு வரலை.”

அர்மான் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு கடிதத்தை அவளிடம் நீட்டினார்.

“ரெண்டு டிக்கெட் கேட்டு எழுதும்மா. அங்கயும் நீதான் கூட இருந்து சுரண்டணும். அந்த வரியப் பாத்துட்டா எனக்கு ருசிக்காது.”