நேர்ச்சை அண்டா

மாஹ்ருக் அண்டாவை இரண்டாவது முறை கழுவத் தொடங்கியதும் கேவான் அவளை நோக்கி ஓரடி வைத்து நின்றுவிட்டான்.

தூசி போக ஒரு முறை போதும். வருடம் முழுக்க மாடி அறையில் கவிழ்ந்து கிடந்த அண்டா. அப்படித்தான் தன் பெண்டாட்டி நம்பிக்கொண்டிருக்கிறாள் என்று இந்த நிமிடம்வரை அவன் நினைத்திருந்தான்.

முற்றத்தில் ஹாஜி நஸ்ருல்லா காத்துக்கொண்டு நின்றார். காஷானில் அந்தத் தெருவின் முஹர்ரம் சமையல் அவர் பொறுப்பு. நாளை ஆஷூரா, முஹர்ரம் பத்தாம் நாள். தெருவே கூடி நேர்ச்சைச் சோறு சாப்பிடும்.

மாஹ்ருக்கின் அம்மா இருந்தவரை வருடம் தவறாமல் அவருடைய அண்டாவில்தான் கறியும் பருப்பும் வேகும். போன வருடம் அவர் இறந்த பிறகு அண்டா மகளிடம் வந்துவிட்டது. அதனால் இந்த முறை அண்டா ஏற்றும் வண்டி இவர்கள் வாசலில் நின்றது. வண்டிக்காரர்கள் வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கேவான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நிலவறையில் பீர் காய்ச்சுகிறவன். மாட்டினால் கசையடியில் முதுகுத்தோல் உரியும், வேலையும் போகும்.

போதைக்காக அல்ல. அதைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்? கோழிக்கு என்று சொல்லி பார்லி வாங்கி, நனைத்த விரிப்பில் முளைகட்டுவான். தூக்கம் வரவில்லை என்று சொல்லி நாட்டுமருந்துக் கடையில் கசப்புப் பூ வாங்குவான். அந்தக் கசப்பு அடிநாக்கில் சரியான இடத்தில் வந்து நிற்க வேண்டும் என்று மாதக்கணக்கில் மெனக்கெடுவான்.

நண்பர்களுக்கு ஊற்றிக் கொடுத்தால் மடக்கென்று விழுங்கிவிட்டு, ஏறவே இல்லையே, இதற்குத் திராட்சைச் சாராயமே தேவலை என்பார்கள். உட்கார்ந்து ருசி பார்க்க அந்த ஊரில் ஒரு நாக்கு இல்லை. குடிக்காதவனுக்கு அது பாவம், குடிக்கிறவனுக்கு அது தண்ணீர்.

மாஹ்ருக் ஐந்து வேளையும் தொழுகிறவள். கண்டும் காணாமல் இருந்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நிலவறையில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும், அம்மாவின் அண்டாவை மட்டும் தொடக் கூடாது.

தொட்டுவிட்டான்.

பிளாஸ்டிக் வாளியில் புளிக்கவைத்த பீரில் ஒரு மட்டமான வாடை வந்துகொண்டே இருந்தது. எஃகு அண்டா சும்மாதானே கிடக்கிறது என்று கை நீட்டினான். தங்கையின் பிரசவத்துக்காக அவள் இஸ்பஹான் போயிருந்த மாதம் அது. அந்த முறை வந்ததைப் போல ஒரு பீரை அவன் வாழ்நாளில் குடித்ததில்லை. பிறகு அண்டாவைத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, இருந்தது போலவே கவிழ்த்துவைத்தான்.

முற்றத்தில் மாஹ்ருக் மூன்றாவது முறை கழுவினாள். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

வேறு அசுத்தம் என்றால் குழாய்த் தண்ணீரில் ஒரு முறை அலசினால் தீர்ந்தது. மது பட்ட பாத்திரம் என்றால் மூன்று முறை. பேணுதலான வீடுகளில் ஏழு. இது தெரியாத பிள்ளை அவன் வகுப்பில்கூடக் கிடையாது.

நான்காவது முறை தண்ணீர் விழுந்தபோது, ஹாஜியாரின் விரல்களில் தஸ்பீஹ் மாலையின் மணி உருளுவது நின்றது.

ஏதாவது சொல்லி அவளைத் தடுக்கலாம். என்ன சொல்லித் தடுப்பது? போதும் என்றால் தெரு முழுக்க அசுத்தச் சோறு தின்னும். கழுவட்டும் என்று விட்டால், அவள் கையாலேயே அவனைக் காட்டிக்கொடுத்ததாகும். அவள் யோசித்துத்தான் செய்கிறாள் என்பது அவனுக்கு விளங்கிவிட்டது. புருஷனா நேர்ச்சையா என்று வந்தபோது, அவள் நேர்ச்சையின் பக்கம் நின்றாள்.

அவளைக் குறை சொல்ல அவனுக்கு வாய் இல்லை. ஏற்கெனவே ஒரு முறை அவன் பக்கம் நின்று இழந்தவள் அவள். கல்யாணமான புதிதில் மருமகன் மூச்சில் பீர் வாடை அடித்தது என்று அவளுடைய அப்பா இந்த வாசலை மிதிப்பதையே விட்டார். அவனை விட்டுவிட்டு வா, இல்லையென்றால் எனக்கு மகள் இல்லை என்றார். அவள் போகவில்லை. அவரும் மகள் முகத்தில் விழிக்காமலேயே செத்துப்போனார். துக்க வீட்டில் அவள் உட்காரப் பெண்கள் யாரும் நகர்ந்து இடம்கூடக் கொடுக்கவில்லை.

ஏழாவது முறையும் கழுவி அண்டாவைச் சாய்த்தாள். விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

ஹாஜியார் தரையைப் பார்த்தபடியே, ஆறுதல் சொல்கிற குரலில் பேசினார்.

“உங்கம்மாவும் இப்படித்தாம்மா. வருசா வருசம் ஏழு தடவை கழுவித்தான் என் கையில குடுப்பாங்க. இதுவரைக்கும் நான் வெளிய மூச்சு விட்டதில்ல, இனியும் விட மாட்டேன்.”

கேவானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த நிம்மதியோடு மனைவியைப் பார்த்தான். அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

“அப்போ, அப்பாவும் இந்த அண்டாவுல?” என்றாள்.

ஹாஜியார் வாசல் பக்கம் திரும்பினார். வண்டிக்காரர்களைக் கூப்பிட்டு அண்டாவைத் தூக்கச் சொன்னார்.

மாஹ்ருக் ஈரக் கையோடு அப்படியே நின்றாள். அவள் அம்மாவுக்குச் சுத்தப் பைத்தியம் என்று பிறந்த வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள். அதை விருந்தாளிகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர் அப்பாதான்.