மறுபடியும் வந்த அக்கா

கணவன் மோகனராஜுக்கு அன்று தொழிற்சாலையில் ஓவர்டைம். அதனால் பிரமிளா நிபோங் திபாலிலிருந்து தனியாகவே ஜார்ஜ் டவுனுக்கு வந்து, கையில் வரைபடத்தோடு பழைய தெருக்களைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆர்மேனியன் தெருவில் செண்டோல் விற்றவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "மறுபடியும் தாகமாக்கா? அண்ணே எங்க?"

"எந்த அண்ணே? நான் தனியாத்தான் வந்தேன்."

"விளையாடாதீங்கலா. இப்பத்தானே ரெண்டு பேரும் குடிச்சிட்டுப் போனீங்க."

தன் சாயலில் வேறு யாராவது வந்திருப்பாள் என்று நினைத்து அவள் நடந்தாள். குயின் தெருக் கோயில் வாசலில் பூக்காரம்மா, "அவரு வச்சுவிட்ட மல்லிகைய அதுக்குள்ள எடுத்துட்டியாம்மா?" என்றார்.

"அவரு எப்படி இருந்தாரு?"

"உன் புருஷன என்கிட்ட கேக்கிறியே! உயரமா, நெத்தியில தழும்போட."

மோகனராஜின் நெற்றியிலும் ஒரு தழும்பு உண்டு. ஓவர்டைம் என்று புளுகிவிட்டு எவளையோ கூட்டிக்கொண்டு சுற்றுகிறான். அங்கேயே நின்று அவனுக்குப் போன் போட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

மோகனராஜ் சிரித்தான். "என்ன பிரமிளா, பக்கத்துல நின்னுக்கிட்டே எதுக்குப் போன் பண்ற?"

அவள் வாய் திறப்பதற்குள், அவனருகே ஒரு பெண் கேட்டாள்: "யாருங்க போன்ல?"

அது பிரமிளாவின் குரல்.