சுற்ற மறுத்த இன்ஜின்

அருணாச்சலத்தால் முடியவில்லையாம். என்னைக் கூட்டிவரச் சொன்னாராம்.

வேன் டிரைவர் வசந்தகுமார் வந்து சொன்னபோது நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவசரப்படாமல் குடித்து முடித்தேன். ஏழு வருஷம் காத்திருந்தவனுக்கு ஐந்து நிமிஷம் பெரிதில்லை.

அருணாச்சலம் என் அக்கா மேரியின் புருஷன். கவரைப்பேட்டையில் இரண்டு பேரும் ஒரே மெக்கானிக் ஷெட்டில்தான் வேலை பார்த்தோம். ஒருநாள் கியர்பாக்ஸைக் கையால் தள்ளி உட்கார வைக்காமல், போல்ட்டைப் போட்டு இழுத்தேன். ஓரம் உடைந்துவிட்டது. தப்புதான். அதற்காக நாலு டிரைவர் முன்னால் அவர் கேட்டது இது:

"ஒனக்குப் பேனாவும் புடிக்க வர்ல, ஸ்பேனரும் புடிக்க வர்ல. இன்னாத்துக்குடா ரெண்டு கை?"

நான் படித்தது மூணாவது வரைதான். அது தெரிந்துதான் கேட்டார்.

அன்றே என் சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, கும்மிடிப்பூண்டியில் தனி ஷெட் போட்டேன். அதன் பிறகு அவர் வாசலை மிதிக்கவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் மோனிகாவுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் நான் மாலை போட்டுத்தான் பெண்ணைச் சபைக்கு அழைத்து வர வேண்டும். அக்கா இரண்டு தடவை வந்து அழுதுவிட்டுப் போனாள். அவர் வந்து கூப்பிடட்டும் என்று சொல்லி அனுப்பினேன். அவர் வரவில்லை. அவருக்கு மட்டும் ரோஷம் இருக்காதா?

இப்போது கூப்பிட்டிருக்கிறார். நிச்சயத்துக்கு இல்லை, ரிப்பேருக்கு.

வழியெல்லாம் வசந்தகுமார் புலம்பிக்கொண்டே வந்தான். இரண்டு மணி ஷிப்ட்டுக்குக் கம்பெனிப் பெண்களை ஏற்ற வேண்டுமாம்.

"கியர்பாக்ஸ் ஏத்துற வரிக்கும் இன்ஜின் நல்லா சுத்திச்சுண்ணா. ஏத்தனப்புறம் ஒரு விரக்கடை திரும்புது, மெத்துனு இடிச்சு நின்னுடுது."

ஷெட்டுக்குள் போனேன். நாலைந்து டிரைவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு டிரைவரிடம் பேசினார்.

"பேட்டரி ஒயரு கழட்டி வச்சிருக்கேன். தைரியமா கை வக்கச் சொல்லு."

"வண்டி நியூட்ரல்ல இருக்குதான்னு கேளு" என்றேன் நானும் டிரைவரிடமே.

"நான் இன்னா போஸ்ட்மேனா?" என்றான் அவன்.

முன்பக்க நட்டில் ஸ்பேனர் போட்டுச் சுற்றிப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. கியர்பாக்ஸ் போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டு மறுபடியும் சுற்றினேன். கியர்பாக்ஸ் ஷாஃப்ட் முட்டிக்கொண்டிருந்தால் இப்போது விட்டிருக்கும். விடவில்லை. அப்படியென்றால் கோளாறு கியர்பாக்ஸில் இல்லை. ஸ்டார்ட்டரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கையை விட்டேன்.

இன்ஜினோடு சேர்ந்து சுற்றுகிற ஃபிளைவீலின் பல்லில் விரல் பட்டது. அடுத்து, பல்லுக்கு நடுவிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஓர் இரும்பு நுனி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஃபிளைவீல் போல்ட்டை முறுக்கும்போது சக்கரம் சுற்றாமல் இருக்கப் பல்லில் இரும்புத் துண்டு ஒன்றைச் செருகுவோம். அது பல்லை நன்றாகக் கடித்துக்கொண்டு நின்றால்தான் முறுக்க முடியும். முறுக்கி முடித்ததும் முதல் வேலை அதை எடுப்பது. மறந்துபோய் கியர்பாக்ஸை ஏற்றுவது, நேற்றுத் தொழிலுக்கு வந்தவன் செய்கிற காரியம்.

ஏழு வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தது. மாமாவுக்கும் ரெண்டு கை இருக்கிறதே, எதுக்கு?

திரும்பினேன். டீ டம்ளரோடு அக்கா நின்றிருந்தாள். என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வார்த்தையை விழுங்கினேன். வேஸ்ட் துணியை உள்ளே விட்டு, அதோடு சேர்த்து இரும்பைச் சுருட்டி இழுத்து, யாரும் பார்க்காமல் பாக்கெட்டில் போட்டேன்.

"ஷாஃப்ட் நேரா ஒக்காரல. இப்ப சரியாயிடுச்சு. சுத்திப் பாரு."

வசந்தகுமார் ஸ்பேனரைப் போட்டான். இன்ஜின் வழுக்கிக்கொண்டு சுற்றியது.

மாமா கையைத் துடைத்துக்கொண்டே, ஷெட்டில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"எனக்குப் புடிபடல. லோகு கை வச்சாதான் ஆவும்னு அப்பவே தெரியும்."

பிறகு என்னைப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம காலைல ஒம்போது மணிக்கு, மச்சான். நீ வர்ற வரிக்கும் பொண்ண வெளியே கூட்டினு வர மாட்டேன்."

"வரேன் மாமா."

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது நெஞ்சு நிமிர்ந்திருந்தது. அத்தனை பேர் முன்னால் என்னை அவமானப்படுத்தியவரை, அத்தனை பேர் முன்னால் காப்பாற்றிவிட்டு வருகிறேன். இந்த மனசு யாருக்கு வரும்?

ஆனாலும் மனுஷன்தானே நான். அந்த இரும்பை என் ஷெட்டுச் சுவரில் மாட்டி வைக்க நினைத்தேன். அவருக்கு மறுபடியும் வாய் நீண்டால் எடுத்துக் காட்ட உதவும். ஆணியும் சுத்தியலும் எடுத்து வைத்துவிட்டு, பாக்கெட்டிலிருந்து துணியை எடுத்துப் பிரித்தேன்.

ஃபிளைவீல் பல்லில் ஒரு கீறல்கூட விழாதபடி, சைக்கிள் டியூபை வெட்டி, அந்த இரும்புக்கு மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார். ரப்பர் சுற்றிய இரும்பை வைத்து எவனும் போல்ட் முறுக்க முடியாது. கோபித்துக்கொண்டு போன மச்சானை வீட்டுக்குக் கூப்பிடத்தான் முடியும்.