மூன்று தரம் கூப்பிடும் பூதம்

"மலை அசையுது! ஓடுங்க, ஓடுங்க!"

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த லிண்டா ஒற்றைச் செருப்போடு நிமிர்ந்தாள். கண்டியிலிருந்து கம்பளைவரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த அலுப்பெல்லாம் எங்கோ பறந்துவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள்.

வழமையைவிட முந்தி வந்துவிட்ட அவளை அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை. சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்று பேர் இருந்தார்கள். அண்ணன் மகள் ஷெரோன், அவளோடு படிக்கும் எஸ்ரன், எதிர்க்கடை றவூப் நானாவின் மகன் ரிஸ்மி. கத்தியது ரிஸ்மிதான்.

ரிஸ்மி பல்கலைக்கழகக் கம்பஸில் படிக்கிறவன். லீவுக்கு வந்தால் இந்த விளையாட்டைக் கையோடு கொண்டுவருவான். அவன் கதை சொல்வான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆட்களாக நின்று பூதங்களோடு சண்டை பிடிப்பார்கள். யார் வென்றது என்பதைத் தாயக்கட்டை சொல்லும். பூதங்களைக் களிமண்ணில் செய்துகொள்வார்கள். பல் நீண்டது, வால் முளைத்தது என்று ஜன்னலோரம் ஒரு பட்டாளமே நின்றது. லிண்டாவும் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறவள்தான்.

இன்று மேசையில் இருந்த பூதம் வேறு மாதிரி. ஒரு பெரிய மண் குவியல். அதில் இரண்டு கண், பல்லே இல்லாத பெரிய வாய். அடிவாரத்தில் நெருப்புப் பெட்டிகளை வரிசையாக அடுக்கிச் செய்த, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீடுகள்.

லிண்டாவுக்கு வந்ததே கோபம்!

"ரிஸ்மி! அறிவிருக்கா உனக்கு? படிச்சவன்தானே நீ? இந்தப் புள்ளைக்கு முன்னால வைக்கிற சாமானா இது?"

ரிஸ்மி எழுந்து நின்று தலையைக் குனிந்துகொண்டான்.

கோபத்தில் நியாயம் இருந்தது. போன மழைக்கு நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டத்தில் மலை சரிந்தபோது லயத்தோடு போனவர் ஷெரோனின் அப்பா வலன்ரைன். நைட் டியூட்டி முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். லிண்டாவுக்கு ஒரே அண்ணன். ஷெரோன் பள்ளிக்கூடத்தில் இருந்ததால் தப்பினாள். அம்மாவுக்குக் குவைத்தில் வேலை. அதனால் பிள்ளை இப்போது அத்தை வீட்டில்.

அன்றிலிருந்து லிண்டா ஒரு சட்டம் வைத்திருந்தாள். யார் வந்தாலும் வாசலிலேயே மறித்துக் காதோடு சொல்லிவிடுவாள்: "புள்ளைக்கு முன்னால மலைக் கதை எடுக்காதீங்க. அவ தாங்க மாட்டா." அண்ணனின் படத்தைக்கூட அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.

"மன்னிச்சிக்கோங்க ஆன்டி. என்ட பிழைதான்," என்றான் ரிஸ்மி.

"இனி இந்த வீட்ல இந்த விளையாட்டே வேணாம்!"

லிண்டா பூதத்தைத் தூக்கிக்கொண்டு குப்பை வாளிப் பக்கம் போனாள்.

"அத்தை, வீசாதீங்க! அது நான் செஞ்சது!"

ஷெரோனுடைய குரல் அந்த வீட்டில் இவ்வளவு உயர்ந்து லிண்டா கேட்டதே இல்லை. அப்படியே நின்றுவிட்டாள்.

"நீயா? ஏம்மா இதப் போய்...?"

"ஆளுக்கொரு பூதம் செய்யணும்னு ரிஸ்மி அண்ணன் சொன்னாரு. எனக்குத் தெரிஞ்ச பூதம் இதுதானே அத்தை."

லிண்டா குப்பை வாளியை விட்டு மேசைப் பக்கம் திரும்பினாள். "இத எப்படிக் கொல்லுவீங்க?"

"மலையக் கொல்ல ஏலாது. ஆனா இது சொல்லாம வராது. 'நான் வாறேன், நான் வாறேன்'னு மூணு தரம் கூப்பிட்டுட்டுத்தான் இறங்கும். அன்னைக்கு வந்தது ஒருதரமாவது கூப்பிட்டுச்சா? அதான் இதுக்கு வாய் வச்சேன்."

லிண்டா கையில் இருந்த பூதத்தின் வாயைப் பார்த்தாள்.

"ரெண்டு தரம் கூப்பிட்டிருச்சு ஆன்டி," என்றான் எஸ்ரன் மெதுவாக. "எல்லாரையும் வெளிய எடுத்துட்டோம். கடைசி வீட்ல மட்டும் ஒராள் தூங்குறாரு. எவ்வளவு தட்டியும் எந்திரிக்கவே மாட்டேங்கிறாரு."

அது யாரென்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

லிண்டா பூதத்தை எடுத்த இடத்திலேயே வைத்தாள். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தட்டினா அவரு எந்திரிக்க மாட்டாரு. தேத்தண்ணிக் கோப்பைய மூக்குக்கிட்ட கொண்டுபோகணும். சின்ன வயசுலயே அப்படித்தான்."

"ஆமா அத்தை! இஞ்சி போட்ட பிளேன்டி!" ஷெரோன் துள்ளினாள். "தாயக்கட்டைய நீங்களே போட்டுப் பாருங்க."

லிண்டா கண்ணை மூடிக்கொண்டு தாயக்கட்டையை உருட்டினாள்.

"எந்திரிச்சிட்டாரு!" என்று எஸ்ரன் கத்தினான்.

பூதம் மூன்றாம் தரம் கூப்பிட்டது. மலை இறங்கியது. வெறும் நெருப்புப் பெட்டிகள்தான் புதைந்தன.

ரிஸ்மி புறப்பட்டபோது லிண்டா வாசல்வரை வந்தாள்.

"தம்பி, நான் ஏசினது பிழை. இது அவ செஞ்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? ஏன் பேசாம ஏச்சு வாங்கிட்டு நின்ன?"

ரிஸ்மி உள்ளே எட்டிப் பார்த்தான். அத்தை கொடுத்த சாவியால் ஷெரோன் அலுமாரியைத் திறந்து, அப்பாவின் படத்தை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"நான் மொத நாள் வந்தப்போ நீங்க இந்த வாசல்ல வச்சு ஒண்டு சொன்னீங்களே ஆன்டி? அன்னைக்கு நான் போகக்குள்ள ஷெரோனும் இதே வாசல்ல வச்சு என்னட்ட சொன்னா: 'அத்தைக்கு முன்னால மலைக் கதை எடுக்காதீங்க. அவங்க தாங்க மாட்டாங்க.'"