செவ்வாய் பின்வாங்கிய வாரம்

மகள் தொலைநோக்கியில் கண்ணை வைத்ததும் அவன் கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தான்.

பள்ளி மைதானத்தில் அப்போதுதான் இருட்டியிருந்தது. இத்தனை நாள் எந்தக் கிரகத்தைக் கவனித்து வந்தார்களோ, அதைப் பிள்ளைகளே தேடிப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். பெற்றோர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம்.

அவள் குழாயைத் திருப்பியது, அடுக்குமாடிகளுக்கு மேலே தெரிந்த சிவப்புப் புள்ளிக்கு.

அது செவ்வாய் இல்லை. அவன் ஓட்டும் கிரேனின் நுனியில் எரியும் விளக்கு.

செவ்வாய் எங்கேப்பா என்று மொட்டைமாடியில் அவள் கேட்ட அன்று, அவன் இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்திருந்தான். படுத்தால் போதும் என்றிருந்தது. கண்ணில் பட்ட சிவப்பைக் காட்டிவிட்டுத் தூங்கப் போனான். மறுநாளே மறந்துவிடுவாள் என்று நினைத்தான்.

தினமும் பார்த்தாள்.

வேலை முடிந்து கேபினை விட்டு இறங்கும்போது கிரேனின் கையைப் பூட்டிவைக்கக் கூடாது. காற்றின் போக்கில் விட்டுவிட வேண்டும். காற்று திரும்பிய வாரம் விளக்கும் திரும்பியது. செவ்வாய் பின்னால் போகிறது என்று அவள் வகுப்பில் எழுந்து சொன்னாள். சில சமயம் அப்படித்தான் தெரியும், பெரியவர்களே கவனிக்க மாட்டார்கள் என்று சொல்லி டீச்சர் எல்லோரையும் கைதட்டச் சொன்னாராம். அன்றிலிருந்து வகுப்பில் அவள் பெயர் ‘செவ்வாய் மேடம்’.

அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். வாயெல்லாம் பல்லாக நின்றவளைப் பார்த்து, கெட்டிக்காரி என்று மட்டும் சொன்னான்.

இப்போது அவளுக்குப் பின்னால் மொத்த வகுப்பும் வரிசையில் நின்றது.

அவள் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழாயை மெல்ல, மிக மெல்ல இடப்பக்கம் நகர்த்தினாள். அந்த இரும்புக் கையின் நீளம் அவனுக்குத் தெரியும். அது எங்கே போய் முடியும் என்பதும் தெரியும்.

ஓரிடத்தில் நிறுத்தினாள்.

மேடம் என்ன, அங்கேயே குடிபோய்விட்டாரா என்று வரிசையில் யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். என்ன தெரிகிறது என்று டீச்சர் அருகே வந்தார்.

அவள் நிமிரும்போது முழங்கையால் குழாயை ஒரு தள்ளு தள்ளினாள். அது ஒன்றுமில்லாத வானத்தைப் பார்த்து நின்றது.

“இடிச்சுட்டேன் டீச்சர்.”

கயிற்றுக்கு அடியில் குனிந்து வந்து அவன் பக்கத்தில் நின்றாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

“கேபின்ல லைட்ட அணைக்காம வந்துட்டீங்கப்பா” என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.