பன் வாங்கப் போனவர்

"நீ சுண்டு இல்ல," என்றார் கிழவர், கண்ணைத் திறக்காமலே. "உன் கையில வெங்காய வாசன."

சமையல்காரம்மா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு கட்டிலோரத்திலிருந்து எழுந்தாள். கிழவரின் மகளாக நடிக்க அவளுக்கு முன்பே முயன்று தோற்றிருந்தாள் பெரியக்கா. குரலைக் கேட்டதுமே அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டுவிட்டார்.

சபைக் கூடத்து பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, குளிர்காலம் முழுக்க வீடற்றவர்களுக்குக் கட்டில் போட்டுக் கொடுப்பது அந்தச் சபையாரின் ஊழியம். பன்னிரண்டு குளிர்காலமாக அதற்குப் பொறுப்பு பெரியக்கா. நாலு நாள் முன்பு பாலத்தடியிலிருந்து தூக்கி வந்த இந்தக் கிழவருக்கு நெஞ்சு முழுக்கச் சளி கட்டிவிட்டது. காலையில் பனியில் நடந்தே வந்து பார்த்த டாக்டர், இனி ஆஸ்பத்திரிக்கு அலைக்கழிக்க வேண்டாம், சாயங்காலம் தாண்டாது, கதகதப்பாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

போகிற உயிர் போக மாட்டேன் என்றது. யார் பக்கத்தில் போனாலும் ஒரே கேள்வி. "சுண்டு, அப்பாவ மன்னிச்சிட்டியாடா?"

ஜன்னியில் அவர் துண்டு துண்டாக உளறியதைப் பெரியக்கா ஒட்டுப்போட்டுப் புரிந்துகொண்டிருந்தாள். பஸ் நிலையத்து பெஞ்சில் சின்ன மகளை உட்காரவைத்துவிட்டு, பன் வாங்கி வருகிறேன் என்று போனவர், திரும்பிப் போகவே இல்லை.

பெரியக்காவின் தம்பியும் இப்படித்தான் அவளைக் கேட்டுக் கேட்டே கண்ணை மூடினான். அவள் போய்ச் சேர்வதற்குள் முகத்தை மூடியிருந்தார்கள். யாரும் பதில் கிடைக்காமல் போகக் கூடாது என்பது அன்றிலிருந்து அவளுக்கு ஒரு வெறியாகவே ஆகிவிட்டது. இப்போது மணி ஐந்து. ஜன்னலில் வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது.

மிச்சம் இருந்தது ஒருத்திதான். கால் டாக்டர்.

அது சமையல்காரம்மா வைத்த பட்டம். குளிரில் வந்து சேர்கிறவர்களின் காலை வெந்நீரில் கழுவி, துடைத்து, சாக்ஸ் மாட்டிவிடுவது அங்கே வழக்கம். எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நழுவுகிற வேலை. அந்தப் பெண் மட்டும் மூன்று குளிர்காலமாக அதை யாருக்கும் விட்டுத்தரவில்லை. முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டாள். இடது காலைத்தான் முதலில் கேட்டு வாங்குவாள். இந்த வாரம்தான், ஒருநாள் பாதியிலேயே வெந்நீரை வைத்துவிட்டு, முதுகு வலிக்கிறது என்று பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

பெரியக்கா அவளைச் சமையலறையில் பிடித்தாள். சின்ன வயசு, சின்னக் குரல், நீ சொன்னால் நம்பிவிடுவார் என்று எடுத்துச் சொன்னாள். அந்தப் பெண் தேய்த்த தட்டையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னால முடியாதுக்கா."

பொய் சொல்லப் பயமா என்றாள் பெரியக்கா. அந்தப் பாவம் என் தலையில் விழட்டும், கர்த்தரிடம் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் கோபம் தலைக்கேறியது.

"ஊர்ல உள்ள காலெல்லாம் கழுவுன. ஒரு வார்த்தைக்கு இவ்ளோ பிகு பண்றியே. நெஞ்சுல என்ன கல்லா?"

"வேற என்ன வேணா செய்றேன்க்கா. அத மட்டும் கேக்காதீங்க."

பெரியக்கா அவளுடைய ஈரக் கையைப் பற்றித் தரதரவென்று இழுத்து வந்து கட்டிலருகே நிறுத்தினாள். கிழவரின் மூச்சு அடைத்த குழாய்போல் களகளத்தது.

போர்வைக்கு வெளியே கிடந்தது இடது கால். சாக்ஸ் நழுவி, கட்டைவிரல் இல்லாத பாதம் தெரிந்தது. அந்தப் பெண் குனிந்து சாக்ஸை ஏற்றிவிட்டாள். ஏற்றிய கை அங்கேயே நின்றுவிட்டது.

"சுண்டு... மன்னிச்சிட்டியாடா?"

கூடமே அவள் வாயைப் பார்த்தது. சொல்லித் தொலையேன்டி என்று பெரியக்கா அவள் காதோரம் பல்லைக் கடித்தாள். தம்பியின் மூடிய முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

அந்தப் பெண் தலைமாட்டுக்கு வந்து மண்டியிட்டாள்.

"எனக்குப் பசிக்கலப்பா," என்றாள். "பன் வேணாம். நீ வந்துரு."

கிழவர் கண்ணைத் திறந்தார். அவள் முகத்தில் எதையோ தேடி எடுப்பவர்போல் வெகுநேரம் பார்த்தார். "வந்துட்டேன்டா," என்றார். அதற்குப் பிறகு இரண்டு மூச்சு. மூன்றாவது வரவில்லை.

பெரியக்கா அவர் இமைகளை இறக்கிவிட்டு ஜெபித்தாள். ஆமென் சொல்லி நிமிர்ந்தபோது, இத்தனை வருஷப் பாரம் கொஞ்சம் இறங்கினாற்போல் இருந்தது. அந்தப் பெண் மறுபடியும் கால்மாட்டில் போய் உட்கார்ந்திருந்தாள்.

மன்னிப்பு என்ற வார்த்தையைத் தொடாமலே சமாளித்துவிட்டாயே, கெட்டிக்காரிதான் என்று அவள் முதுகைத் தட்டினாள் பெரியக்கா. "ஆனா பசிக்கலன்னு சொன்னியே, அதுவும் பொய்தானடி?"

அந்தப் பெண் சாக்ஸ் போட்ட பாதத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள்.

"பொய்தான்க்கா," என்றாள். "அந்த பெஞ்சுல எனக்கு ரொம்பப் பசிச்சுது."