மேற்கே காட்டிய கை

புருசன் பெயரைக் கேட்டதும் முதலில் நின்ற பெண் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

மேசைக்குப் பின்னால் தேவானந்தம் வாத்தியார் காத்திருந்தார். மில்லின் பஞ்சுக் கிடங்கு எரிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கோயமுத்தூர்க் கடைவீதிகளில் உண்டியல் குலுக்கிச் சேர்த்த பணத்தை, மிஷன் பள்ளிக்கூடத்து வராந்தாவில் வைத்து, செத்தவர்களின் வீட்டுக்காரிகளுக்கு அவர் கையால் கொடுக்கிறார். ஒரு சாவுக்கு ஒரு பங்கு.

"பேரைச் சொல்லுங்கம்மா. ஆள் மாறிப் போயிரக் கூடாது பாருங்க."

அவள் ஆறு விரலைக் காட்டினாள். பிறகு கையைக் கூப்பிக் கும்பிட்டாள்.

"ஆறுச்சாமிங்க" என்றான் பக்கத்தில் நின்ற நசுருதீன். செத்தவர்களோடு வேலை பார்த்தவன். அடையாளம் சொல்ல அவனைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"அவர்தான் போயிட்டாரே. இனிப் பேரைச் சொன்னா என்னம்மா?"

"ஆளு போனா மருவாதியும் கூடவே போயிருமுங்களா வாத்தியாரே?"

வரிசை சிரித்தது. இரண்டு மாதம் கழித்துச் சிரிப்பதால் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சின்னத்தாயி சிரிக்கவில்லை. கடைசியில் நின்றாள். மற்றவர்களின் வெள்ளைச் சேலை துவைத்துத் துவைத்துப் பழுப்பேறியிருந்தது. அவளுடையதில் இன்னும் கடைக் கஞ்சி மொடமொடத்தது.

தன் முறை வந்தால் என்ன செய்வதென்று மில் லைன் வீட்டிலிருந்து நடந்து வரும்போதே பழகிவைத்திருந்தாள். வாயைத் திறக்கக் கூடாது. மேற்கே திரும்பி மருதமலையைக் காட்டினால் போதும். எல்லோருக்கும் புரியும்.

பணமும் வேண்டியதுதான். ஆனால் நாலு பேர் பார்க்க, அவன் பெயரை ஒரு தடவையாவது சொல்லாமல் நிற்க வேண்டும். அதற்குத்தான் வந்தாள்.

வரிசை நகர்ந்தது. அவளுக்கு முன்னால் இனி ஒருத்திதான். காரமடை வண்டியில் வந்து இறங்கியவள். குதிகாலில் காட்டுச் செம்மண் அப்பியிருந்தது.

"உங்க ஊட்டுக்காரர் பேரு?"

அவள் மேற்கே திரும்பினாள். ஓட்டுக் கூரைக்கு மேலே தெரிந்த மலையைக் கை காட்டினாள்.

"மருதாசலமுங்க" என்றான் நசுருதீன். சொல்லிவிட்டுச் சின்னத்தாயியைப் பார்த்தான். உடனே தரையைப் பார்த்தான்.

கிடங்கில் செத்தவர்களில் மருதாசலம் என்ற பெயரில் ஒருவன்தான்.

ஊரில் இருப்பவள் இவ்வளவு தூரம் வரமாட்டாள் என்று சின்னத்தாயி நினைத்திருந்தாள்.

முன்னால் நின்றவள் பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அடுத்தது நீங்களா? சொல்லுங்கம்மா. யாரோட குடும்பம்?"

சின்னத்தாயியின் கை பழக்கியபடியே எழுந்தது. பாதியில் நின்றது.

பெயர் நாக்கு நுனியில் இருந்தது. எப்போதும் அங்கேதான் இருந்தது. மருதாசலம், சோறு ஆறுது. மருதாசலம், மில்லுச் சங்கு ஊதிப்போட்டான். இத்தனை வருசமும் லைன் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டிருக்கிறாள். சனிக்கிழமை சாயந்திரம் அவன் ஊருக்குப் புறப்படும்போதும் பெயர் சொல்லித்தான் போய் வரச் சொல்வாள். சொல்லக் கூடாதென்று அவள் கழுத்தில் யாரும் எதையும் கட்டவில்லை.

கையை இறக்கினாள்.

"நான் சும்மா வந்தேனுங்க" என்றாள்.

காரமடைக்காரி இன்னும் போகவில்லை. இறங்கிய கையைப் பார்த்தாள். கஞ்சி போகாத சேலையைப் பார்த்தாள். வெறுங்கழுத்தைப் பார்த்தாள். அங்கே எல்லாக் கழுத்தும் வெறுங்கழுத்துதான்.

வாத்தியார் பேனாவை மூடப் போனார்.

காரமடைக்காரி முந்தானை முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். பணத்தைத் திரும்ப மேசைமேல் வைத்தாள்.

"ரெண்டாப் பிரிச்சுப்போடுங்க வாத்தியாரே. இவளுக்கும் அந்த மலைதானுங்க."

சின்னத்தாயி மேற்கே திரும்பிக் கையைத் தூக்கினாள். வாயை இறுக மூடிக்கொண்டாள்.